எதிர்காற்றின் கணக்கு

விமானம் ஓட்டத் தெரியாத ஒருவருக்குத்தான் அந்த யோசனை வந்தது. கேப்டன் பிரான்சிஸ் லோ அமெரிக்கக் கடற்படையில் நீர்மூழ்கிக் கப்பல் பிரிவைச் சேர்ந்தவர். 1942 ஜனவரியில், புதிதாகக் கட்டிமுடித்த ஹார்னெட் என்ற விமானந்தாங்கிக் கப்பலைப் பார்வையிட வர்ஜீனியா மாநிலத்தின் நார்ஃபோக் துறைமுகத்துக்குப் போயிருந்தார். அங்கிருந்த விமான ஓடுதளத்தில், கப்பலின் மேல்தள அளவுக்கு ஒரு நீள்சதுரம் வரைந்திருந்தார்கள். கடற்படை விமானிகள் பழகிக்கொள்வதற்காக வரைந்தது. அதன் மேல் தரைப்படையின் இரட்டை எஞ்சின் விமானங்கள் சில தாழப் பறந்து போயின. இந்தப் பெரிய விமானங்கள் அந்தச் சின்னக் கோட்டுக்குள்ளிருந்து கிளம்பினால் என்ன?

விமானிகள் யாரும் இதைக் கேட்டிருக்கமாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். பழக்கம் கேள்வியை முளையிலேயே கிள்ளியிருக்கும்.

கேள்விக்குப் பின்னால் ஓர் அவசரம் இருந்தது. 1941 டிசம்பர் 7 அன்று பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கியதிலிருந்து, டோக்கியோவின் மீது குண்டு விழவேண்டும் என்று அதிபர் ரூஸ்வெல்ட் தன் தளபதிகளை நச்சரித்துக்கொண்டிருந்தார். எங்கிருந்து போய்ப் போடுவது? டோக்கியோவுக்குப் போய்வரக்கூடிய தொலைவில் அமெரிக்காவிடம் ஒரு விமானத்தளமும் இல்லை. கப்பலிலிருந்து கிளம்பும் சிறிய விமானங்கள் எட்டவேண்டுமென்றால், கப்பல் ஜப்பானியக் கரைக்குச் சில நூறு கிலோமீட்டர் அருகில் போய் நிற்கவேண்டும். அப்படி நின்ற கப்பல் திரும்பி வராது. தூரம் பறக்கும் குண்டுவீச்சு விமானங்களுக்கோ நீளமான ஓடுதளம் வேண்டும். லோவின் யோசனை இந்த இரண்டு முட்டுச்சந்துகளையும் இணைத்து ஒரு வழி திறக்கப் பார்த்தது. அது முடியுமா என்று கணக்குப் போட்டுச் சொல்லும் வேலை கேப்டன் டொனால்ட் டங்கன் என்ற இன்னொரு அதிகாரியிடம் போனது.

டங்கனுடைய விடை இரண்டு பகுதிகளாக வந்தது. பி-25 மிட்செல் என்ற விமானம் ஹார்னெட்டிலிருந்து கிளம்பமுடியும். திரும்ப வந்து இறங்கமுடியாது.

மற்ற விமானங்கள் கழிந்துபோன காரணங்கள் சாதாரணமானவை. பி-26 கிளம்ப அதிக தூரம் ஓடவேண்டும். பி-23இன் இறக்கை ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை 28 மீட்டர். கப்பலின் மேல்தளத்தில் வலப்பக்கம் எழும்பி நிற்கும் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் மோதிவிடும். பி-25க்கு 20.6 மீட்டர்தான். அதற்கும் கோபுரத்துக்கும் நடுவே மிஞ்சும் இடைவெளி ஏறத்தாழ ஓர் ஆள் உயரம். பின்னாளில் தளத்தின் மீது இரண்டு வெள்ளைக் கோடுகள் போட்டார்கள். ஒன்றில் மூக்குச் சக்கரம், மற்றொன்றில் இடச் சக்கரம். கோட்டைவிட்டு நகராத வரை வலது இறக்கைக்கு ஆபத்தில்லை.

இனி கிளம்பும் கணக்குக்கு வருவோம். ஒரு விமானம் தரையைவிட்டு எழுவதற்குத் தேவையான வேகம் என்று நாம் சொல்வது, காற்றைப் பொறுத்த வேகம். தரையைப் பற்றி இறக்கைக்கு எதுவும் தெரியாது. தன்மீது எவ்வளவு வேகமாகக் காற்று பாய்கிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். ஏற்றுவிசை அந்த வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும்: வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. முழுச் சுமையோடு சுமார் 14 டன் எடையுள்ள பி-25 எழுவதற்கு மணிக்கு 150 கிலோமீட்டர் வேகக் காற்று தேவை என்று, கணக்கு எளிதாக இருப்பதற்காக, வைத்துக்கொள்வோம். காற்றே இல்லாத நாளில் அசையாத தளத்தில் நின்றால், அந்த 150ஐயும் எஞ்சின்தான் உருவாக்கவேண்டும். கப்பல் காற்றை எதிர்த்து முழு வேகத்தில் ஓடி, எதிர்காற்றும் பலமாக இருந்து, இரண்டும் சேர்ந்து 75 கிலோமீட்டரைக் கொடுத்துவிட்டால்? விமானம் நின்ற இடத்திலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. மீதி 75ஐ எட்டினால் போதும்.

பாதி வேகம் என்றால் பாதி தூரம் ஓடினால் போதும் என்று தோன்றும். உண்மையில் கால்வாசிதான். சீரான முடுக்கத்தில் ஓடும் எதற்கும், ஓடவேண்டிய தூரம் எட்டவேண்டிய வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. காற்றில்லாமல் 570 மீட்டர் ஓடவேண்டிய விமானம், இந்தக் காற்றில் 142 மீட்டரில் எழும். 142 என்பதை நான் சும்மா எடுக்கவில்லை. தாக்குதல் நாளன்று வரிசையில் முதலாவதாக நின்ற விமானத்துக்கு முன்னால் இருந்த தளத்தின் நீளம் 467 அடி, அதாவது 142 மீட்டர். ஹார்னெட்டின் மேல்தளம் ஏறக்குறைய 250 மீட்டர் நீளமானது. மீதியை அடுத்து நின்ற 15 விமானங்கள் அடைத்துக்கொண்டிருந்தன. எனவே முதல் விமானிக்குத்தான் மிகக் குறைந்த இடம். அந்த இருக்கையில் உட்கார்ந்திருந்தவர் இந்த முழு முயற்சிக்கும் தலைவரான ஜேம்ஸ் டூலிட்டில்.

டூலிட்டிலைப் பற்றி எழுதுகிறவர்கள் அவருடைய துணிச்சலை எழுதுவார்கள். அவர் பந்தய விமானி, சாகசக்காரர், 45 வயதிலும் அடங்காதவர் என்பதெல்லாம் சரி. எனக்கு அவரிடம் பிடித்தது வேறு. 1925இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் விமானவியலில் முனைவர் பட்டம் வாங்கியவர் அவர். அந்தத் துறையில் அமெரிக்கா வழங்கிய முதல் சில பட்டங்களில் ஒன்று. ஆய்வின் பொருள், உயரத்துக்கு உயரம் காற்றின் வேகம் மாறுவது விமானத்தின் செயல்திறனை எப்படிப் பாதிக்கிறது என்பது. 1929இல் விமானி அறையைத் துணியால் மூடிக்கொண்டு, வெளியே எதையும் பார்க்காமல், கருவிகளை மட்டுமே நம்பிக் கிளம்பிப் பறந்து இறங்கிக் காட்டினார். பிறகு ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் சேர்ந்து, 100 ஆக்டேன் பெட்ரோலைத் தயாரிக்கும்படி 1930களில் அவர்களை வற்புறுத்தினார். அப்போது அதை வாங்க ஆளில்லை. அழுத்தம் கூடினாலும் தானாக வெடிக்காத பெட்ரோல் அது. அதனால் அதே எஞ்சினிலிருந்து கூடுதல் சக்தியைப் பிழியலாம். போர் வந்தபோது அமெரிக்கப் போர் விமானங்கள் குடித்தது அந்தப் பெட்ரோலைத்தான்.

பயிற்சி ஃபுளோரிடாவின் எக்லின் தளத்தில் நடந்தது. தரைப்படை விமானிகளுக்குக் குட்டையான ஓட்டத்தில் கிளம்பக் கற்றுக்கொடுக்க ஹென்றி மில்லர் என்ற கடற்படை லெப்டினென்ட் வந்தார். அவர் சொல்லிக்கொடுத்தது, விமானிகள் அதுவரை கற்றதற்கு நேர்மாறானது. நீண்ட ஓடுதளத்தில் வேகம் தாராளமாகச் சேர்ந்த பிறகே மூக்கைத் தூக்குவது வழக்கம். இங்கே இறக்கையின் பின்விளிம்பு மடிப்புகளான ஃபிளாப்புகளை முழுக்க இறக்கி, இரண்டு எஞ்சின்களையும் முழு வேகத்துக்கு முறுக்கிய பிறகு பிரேக்கை விட்டு, கட்டுப்பாட்டுத் தண்டை வயிற்றோடு இழுத்துப் பிடிக்கவேண்டும். இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் அதிகமானால், குறைந்த வேகத்திலேயே போதுமான ஏற்றுவிசை கிடைக்கும். அந்தக் கோணம் ஓர் எல்லையைத் தாண்டினால் இறக்கையின் மேற்புறத்தை ஒட்டி ஓடும் காற்று பிய்த்துக்கொள்ளும். ஏற்றுவிசை சட்டென்று சரியும். விமானிகள் இதை ஸ்டால் என்பார்கள். மில்லரின் பாடம், அந்த விளிம்பைத் தொட்டும் தொடாமலும் பறப்பது.

எடையிலும் ஒரு போராட்டம். டோக்கியோவில் குண்டு போட்டுவிட்டு சீனாவில் போய் இறங்குவது என்று திட்டம். சோவியத் ஒன்றியத்தின் விளாடிவோஸ்டாக் இன்னும் பக்கம்தான். ஆனால் ஜப்பானோடு அப்போது போரில் இல்லாத சோவியத்துகள் இடம் தர மறுத்துவிட்டார்கள். எனவே 900 கிலோ குண்டுகளைச் சுமந்துகொண்டு 4,400 கிலோமீட்டர் பறக்கவேண்டும். பி-25இன் வழக்கமான தொட்டிகளில் 646 கேலன் பெட்ரோல் பிடிக்கும். குண்டு அறையில் 225 கேலன் தொட்டி ஒன்று, அதன் மேலுள்ள ஊர்ந்து செல்லும் வழியில் 160 கேலனுக்கு ஒரு ரப்பர் பை, அடிப்புறத் துப்பாக்கிக் கூண்டைக் கழற்றிய இடத்தில் 60 கேலன், அதற்கும் மேல் ஐந்து கேலன் டின்கள் பத்து. மொத்தம் 1,141 கேலன், நம் அளவில் சுமார் 4,300 லிட்டர். மூன்று டன்னுக்கும் அதிகம். கிளம்பும்போது விமானத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வெறும் பெட்ரோல். டின்கள் காலியானதும் ஒவ்வொன்றாக எறியக்கூடாது, ஓட்டை போட்டு மொத்தமாகக் கடலில் தள்ளவேண்டும் என்று உத்தரவு. இல்லாவிட்டால் மிதக்கும் டின்களே எதிரிக்குக் கப்பலின் வழியைக் காட்டிக்கொடுக்கும். வால் பகுதியில் துப்பாக்கி கிடையாது. துப்பாக்கிபோலத் தெரிய, கறுப்புச் சாயம் பூசிய விளக்குமாற்றுக் கம்புகளைச் செருகினார்கள்.

குண்டு எறியக் குறி பார்க்கும் நார்டன் என்ற கருவி அன்றைக்கு அமெரிக்காவின் பெரிய இரகசியம். எதிரி கையில் சிக்கிவிடுமோ என்று பயந்து அதையும் கழற்றினார்கள். தாழ்ந்த உயரத்தில் அது எப்படியும் உதவாது. அதற்குப் பதில் ராஸ் கிரீனிங் என்ற விமானி அலுமினியத் துண்டுகளால் ஒன்றைச் செய்தார். செலவு 20 சென்ட். 450 மீட்டர் உயரத்திலிருந்து விழும் குண்டு தரையைத் தொடச் சுமார் 10 விநாடி ஆகும். விமானம் விநாடிக்கு 100 மீட்டர் போகிறதென்றால், இலக்குக்கு ஒரு கிலோமீட்டர் முன்பே குண்டை விடவேண்டும். அந்த ஒரு கிலோமீட்டரை ஒரு கோணமாக மாற்றிக் காட்டினால் போதும். அதற்கு இரண்டு தகடு ஏராளம்.

மிஞ்சியது எரிபொருள் சிக்கனம். பைக் மெக்கானிக் ஒருவர் கார்புரேட்டர் திருகை இம்மி இம்மியாகத் திருப்பி, காதைச் சாய்த்துக் கேட்டு, மைலேஜ் செட் பண்ணுவதைப் பார்த்திருப்பீர்கள். எக்லினில் நடந்ததும் அதுதான், 1,700 குதிரைசக்தி எஞ்சின்களில். காற்றோடு கலக்கும் பெட்ரோலின் அளவை, எஞ்சின் தடுமாறாத எல்லை வரைக்கும் குறைத்தார்கள். எஞ்சினை மெதுவாகச் சுழலவிட்டு, புரொப்பெல்லரின் சாய்வைக் கூட்டி, ஒவ்வொரு சுற்றிலும் அதிகக் காற்றைத் தள்ளவைத்தார்கள். சுழற்சி குறைந்தால் உராய்வில் வீணாவதும் குறையும். அத்தனையும் முடிந்து கலிஃபோர்னியாவுக்குப் பறந்தால், சாக்ரமென்ட்டோ பணிமனையில் விவரம் தெரியாத மெக்கானிக்குகள் கார்புரேட்டர்களில் கைவைத்துவிட்டார்கள். ஒரு விமானத்தில் இரண்டையும் மாற்றியே போட்டுவிட்டார்கள். எட்வர்ட் யார்க் என்பவருடைய விமானம் அது. பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 2 அன்று 16 விமானங்களையும் மேல்தளத்தில் கட்டிக்கொண்டு ஹார்னெட் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்டது. அந்த வாரத்தில் ஜப்பானின் பெரிய விமானந்தாங்கிக் கப்பல்கள் நம் பக்கத்தில் இருந்தன. ஜப்பானியத் தளபதி நகுமோவின் படை ஏப்ரல் 5 அன்று கொழும்பையும் 9 அன்று திருகோணமலையையும் தாக்கி, மட்டக்களப்புக்கு அப்பால் பிரிட்டனின் ஹெர்மெஸ் கப்பலை மூழ்கடித்தது. இடையில் 6ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. அடுத்தது நாம்தான் என்று சென்னையில் மக்கள் மூட்டை முடிச்சோடு ரயிலேறினார்கள். அரசு அலுவலகங்களே உள்நாட்டுக்கு நகர்ந்தன. வெற்றியோடு திரும்பிய நகுமோவின் கப்பல்கள் ஏப்ரல் 18 அன்று தைவான் பக்கம்தான் வந்திருந்தன. ஹார்னெட்டை விரட்டச் சொல்லி உத்தரவு வந்தபோது அவற்றால் எட்டமுடியவில்லை.

ஏன் உத்தரவு வந்தது என்றால், அன்று காலை ஏழரை மணி வாக்கில் நிட்டோ மாரு என்ற சிறிய ஜப்பானியக் காவல் படகு அமெரிக்கக் கப்பல்களைப் பார்த்துவிட்டது. மூழ்கடிப்பதற்குள் அது வானொலியில் செய்தி அனுப்பிவிட்டது. கரை இன்னும் 1,200 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. திட்டமிட்டதைவிட 10 மணி நேரம் முன்னதாக, 315 கிலோமீட்டர் பின்னாலிருந்து, உடனே கிளம்பவேண்டும் என்று முடிவானது.

ஜப்பானியத் தரப்பின் யோசனையில் பிழை கண்டுபிடிக்க முடியாது. எதிரியின் விமானந்தாங்கிக் கப்பல் இத்தனை தொலைவில் இருக்கிறது. கப்பல் விமானங்களின் எட்டும் தொலைவு இவ்வளவு. எனவே அவை கிளம்பும் தொலைவுக்கு வர நாளைக் காலை ஆகும். முறையான கணக்கு. கப்பலில் என்ன விமானம் நிற்கிறது என்ற ஒரே ஓர் அனுமானம்தான் தவறு.

டூலிட்டிலுக்கு அன்று மோசமான வானிலைதான் உதவியாக இருந்தது. கடல் கொந்தளித்து, அலை மேல்தளத்தில் வந்து விழுந்தது. நனைந்த தளத்தில் சக்கரம் வழுக்கும். அதற்கெல்லாம் ஏற்பாடு செய்தார்கள். ஆனால் அலையை எழுப்பிய காற்றுதான் தளத்தின் நீளத்தை நான்கு மடங்காக்கிக் கொடுத்தது. கப்பலின் வேகமும் காற்றும் சேர்ந்து மணிக்கு 75 கிலோமீட்டருக்குக் குறையவில்லை. கப்பலின் முகப்பு ஏறி இறங்குவதையும் பயன்படுத்திக்கொண்டார்கள். முகப்பு தாழும்போது கொடியசைத்து விமானத்தை அவிழ்த்துவிட்டால், அது ஓடி நுனிக்கு வரும்போது முகப்பு மேலே எழுந்திருக்கும். விமானம் கடலை நோக்கிப் பாயாமல் வானத்தை நோக்கிப் பாயும். இன்று நம் விக்ராந்த் கப்பலின் முகப்பில் மேல்நோக்கி வளைந்திருக்கும் தளம் அதே வேலையை எப்போதும் செய்கிறது, அலைக்காகக் காத்திருக்காமல்.

காலை 8.20க்கு டூலிட்டில் கிளம்பினார். இரண்டாவது விமானம் மூக்கை அளவுக்கு மீறித் தூக்கி, ஸ்டாலாகிவிடுமோ என்று எல்லோரையும் பதறவைத்துப் பிறகு சமாளித்தது. ஏழாவது விமானத்தை ஓட்டிய டெட் லாஸன் ஃபிளாப்பை இறக்காமலே கிளம்பி, கடலை நோக்கிச் சரிந்து மீண்டார். 9.19க்குக் கடைசி விமானமும் போய்விட்டது. 80 பேரில் ஒருவரும் அதற்கு முன் உண்மையான கப்பல் தளத்திலிருந்து பி-25ஐக் கிளப்பியதில்லை. 16இல் 16.

டோக்கியோவில் அன்று காலைதான் வான் தாக்குதல் ஒத்திகை நடந்து முடிந்திருந்தது. நண்பகல் வாக்கில் வந்த விமானங்களை ஒத்திகையின் மிச்சம் என்று பலர் நினைத்தார்கள். டோக்கியோ, யோக்கஹாமா, யோக்கோசுக்கா, நகோயா, கோபே என்று குண்டுகள் விழுந்தன. ஏறக்குறைய 50 பேர் இறந்தார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. இராணுவக் கணக்கில் சேதம் சொற்பம். ஜப்பானுக்கு மேல் ஒரு விமானமும் விழவில்லை.

ஆனால் பெட்ரோல் போதாது. கூடுதல் 315 கிலோமீட்டரும் வழியில் அடித்த எதிர்காற்றும் சேமிப்பைத் தின்றுவிட்டன. சீனக் கரைக்கு முன்பே கடலில் விழுவோம் என்று விமானத்துக்கு விமானம் கணித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது காற்று திரும்பியது. மணிக்குச் சுமார் 46 கிலோமீட்டர் வேகத்தில் பின்னாலிருந்து ஏழு மணி நேரம் தள்ளியது. 46ஐ ஏழால் பெருக்கிப் பாருங்கள்: 322. காவல் படகு திருடிக்கொண்ட தூரத்தைக் காற்று கிட்டத்தட்டக் கிலோமீட்டர் சுத்தமாகத் திருப்பிக் கொடுத்தது. காலையில் முகத்தில் அடித்த காற்று கணக்கில் இருந்தது. மாலையில் முதுகில் அடித்தது யாருடைய கணக்கிலும் இல்லை.

சீனாவில் சூச்சோ விமானத்தளத்தில் வழிகாட்டும் வானொலிக் கருவி இருக்கவேண்டும். அதை ஏற்றிவந்த விமானம் விபத்தில் சிக்கியதால் கருவி வந்துசேரவில்லை. இருட்டு, மழை, மலை. 11 விமானங்களில் இருந்தவர்கள் பாராசூட்டில் குதித்தார்கள். நான்கு விமானங்கள் கரையோரத்தில் மோதி இறங்கின. 13 மணி நேரம் பறந்த டூலிட்டில், எரு போட்டிருந்த ஒரு வயலில் போய் விழுந்தார். எல்லா விமானங்களும் போய்விட்டன, ஊர் திரும்பினால் இராணுவ விசாரணைதான் என்று நினைத்தார். கிடைத்தது நாட்டின் உயரிய வீரப் பதக்கம்.

முழுசாகத் தரையிறங்கியது ஒரே விமானம். யார்க்கினுடையது. மாற்றிய கார்புரேட்டர் பெட்ரோலைக் குடித்துத் தள்ளியதால் சீனாவை எட்டமுடியாது என்று கண்டு, அவர் விளாடிவோஸ்டாக் பக்கம் திரும்பி ஒழுங்காக இறக்கினார். சோவியத்துகள் விமானத்தைப் பறித்துக்கொண்டு, ஐந்து பேரையும் ஓராண்டுக்கு மேல் காவலில் வைத்தார்கள். 1943 மே மாதம் அவர்கள் ஈரான் வழியாகத் தப்பினார்கள்.

மற்றவர்களில் மூன்று பேர் இறங்கும்போதே இறந்தார்கள். எட்டுப் பேர் ஜப்பானியரிடம் சிக்கினார்கள். மூன்று பேருக்கு மரண தண்டனையை நிறைவேற்றினார்கள், ஒருவர் சிறையில் பட்டினியால் நலிந்து இறந்தார். இதைவிடப் பெரிய விலையைக் கொடுத்தவர்கள் சீன விவசாயிகள். விமானிகளை ஒளித்துவைத்த செஜியாங், ஜியாங்சி மாகாணங்களுக்குள் ஜப்பானியப் படை புகுந்தது. கிராமம் கிராமமாக எரித்தது. கிணறுகளில் காலரா உள்ளிட்ட நோய்க் கிருமிகளைக் கலந்தது. இறந்தவர்கள் இரண்டரை இலட்சம் என்பது சீனத் தரப்பின் மதிப்பீடு. கலந்த கிருமி கலந்தவர்களையும் விடவில்லை. ஜப்பானியச் சிப்பாய்களும் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். வாஷிங்டனில் பெட்ரோலை டின் டின்னாக எண்ணியவர்கள் இந்தப் பத்தியை எழுதியே பார்க்கவில்லை. சீனத் தலைவர் சியாங் கை-ஷேக் பழிவாங்கலுக்கு அஞ்சித் தயங்கியது அவர்களுக்குத் தெரியும். எனவே தெரியாமல் நடந்தது என்று சொல்வதற்கில்லை.

போரின் பெரிய கணக்கில் இந்தத் தாக்குதல் வேலை செய்ததா? தலைநகரையே காக்கமுடியவில்லை என்ற அவமானத்தில், மிட்வே தீவை நோக்கிய திட்டத்துக்கு ஜப்பானிய உயர்மட்டத்தில் இருந்த எதிர்ப்பு அடங்கியது. ஜூன் மாதம் அங்கே நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களை ஜப்பான் இழந்தது. இன்னொரு பக்கம், ஹார்னெட்டும் துணைக்குப் போன என்டர்பிரைஸும் இந்த வேலையில் மாட்டிக்கொண்டதால் மே மாதத்துப் பவளக் கடல் போருக்கு நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. அந்தப் போரில் லெக்ஸிங்டன் என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. இரண்டையும் எடைபோட்டு ஒரு விடை சொல்வது இயற்பியலால் ஆகாது.

ஒருமுறைக்கு மேல் இப்படிச் செய்யமுடியாது என்பது மட்டும் தெளிவு. 16 விமானங்கள் மேல்தளத்தை அடைத்துக்கொண்டதால் ஹார்னெட்டின் சொந்த விமானங்கள் கீழ்த்தளத்தில் சும்மா கிடந்தன; வழியில் யாராவது தாக்கியிருந்தால் என்டர்பிரைஸ்தான் காப்பாற்றியிருக்கவேண்டும். இறங்கமுடியாத விமானத்தைச் சுமக்கும் கப்பல் ஒரு தடவை மட்டும் சுடும் துப்பாக்கிதான்.

டங்கனின் விடையில் இரண்டாம் பகுதியை, இறங்கமுடியாது என்பதை, 1963இல் ஜேம்ஸ் ஃபிளாட்லி என்ற கடற்படை லெப்டினென்ட் சோதித்துப் பார்த்தார். பி-25ஐப்போல இரண்டு மடங்கு அகலமான இறக்கையுள்ள, நான்கு எஞ்சின் சி-130 சரக்கு விமானத்தை ஃபாரஸ்டல் என்ற கப்பலின் தளத்தில் இறக்கினார். இழுத்துப் பிடிக்கக் கொக்கியும் இல்லை, கம்பியும் இல்லை. அதே எதிர்காற்று, அதே வர்க்கக் கணக்கு, தலைகீழாக. 21 முறை இறங்கி நின்றார்; விமானத்தை உந்தியெறியும் கவண் இல்லாமலே 21 முறை கிளம்பினார். முடிவுகளைப் பார்த்த கடற்படை, முடிகிறதுதான், ஆனால் தினசரி வேலைக்கு ஆகாது என்று கோப்பை மூடிவிட்டது.